என் கால் அளவு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முட்டிவலி எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேலைதான் போய்விட்டது.

கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். மேனேஜர் தோளில் கைபோட்டு, "அண்ணே, நீங்களே விலகுறதா எழுதிக் குடுங்க, அதுதான் கௌரவம்" என்றார். கௌரவம் என்றால் உன் புருஷனுக்குப் போதுமே! உடனே கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, தானாக விலகியவனுக்கு அரசாங்கத்தின் வேலையிழப்புப் பணம் கிடையாதாம். கடைசிச் சம்பளம் தருமுன் கம்பெனி பூட்ஸையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வெறும் சாக்ஸோடு ரூம்வரை ஊர்வலம் வந்தேன். ஒரு நாய்கூட மதிக்கவில்லை.

சம்பளம் வாடகைக்கே சரியாகிவிட்டது. பெரியவள் பீஸுக்கு உன் அண்ணனிடம் கேள். நான் சொன்னதாகச் சொல்லாதே.

வேலை தேட ஷூ வேண்டும். கடைக்காரர் அளவு கேட்டார், முழித்தேன். எப்போதும் நீதானே வாங்குவாய்? என் கால் அளவு என்ன, எழுது. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்