தெரு மிதிக்காத செருப்பு

கண்ணு,

அப்பா எழுதுகிறேன். உன் ஓசூர் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகை வந்தது. போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

சர்க்கரை தின்றுவிட்ட காலுக்குப் பதிலாக மாட்டிய பொய்க்கால் நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டபடியே இண்டூர் கடைத்தெரு வரை நடக்கிறேன். ஒரே ஒரு தொந்தரவு. பொய்க்காலைச் செருப்பின் உயரத்துக்குப் பொருத்தி அமைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றினால் ஆள் பின்னால் சாய்கிறேன். அதனால் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை.

போன வாரம் நவநீதன் மகளுக்கு நிச்சயதார்த்தம். வாசலுக்கே வந்து கூப்பிட்டான்.

"மாமா, செருப்ப உட்டுட்டு உள்ள வாங்க."

"அத உட்டா இந்தக் காலு என்னையே உட்டுரும் மாப்ள."

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நாற்காலி போட்டார்கள், இலையும் அங்கேயே வந்தது. அத்தனை பேர் செருப்புக்கும் நான்தான் காவல். ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

உன் வீட்டு வாசலிலும் உட்காருவேன். ஆனால் நீ பால் காய்ச்சுவது அங்கிருந்து தெரியாதே.

அதே உயரத்தில் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அது இன்னும் தெருவை மிதிக்கவில்லை. உன் வாசல்படியில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வேன். சாமி படத்துப் பக்கம் வரமாட்டேன். உன் மாமியாரிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்.

சரி என்றால் போன் செய். இல்லையென்றால் சங்கடப்பட்டு எதுவும் சொல்லாதே. அப்பாவுக்குப் பஸ் கிடைக்கவில்லை என்று வந்தவர்களிடம் சொல்லிவிடு. நானும் இங்கே அதையே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா