கிளம்ப மறுத்த வண்டி

இன்று காலை உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றப் போனவள் நிறுத்தி, "நடந்து வந்தீங்களா? பத்து நிமிஷம் உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிடமும் நீதான் எதிரில் இருந்தாய்.

கர்ப்பத்தில் பின்னால் யாருக்கு இரத்த அழுத்தம் ஏறும், யாருடைய குழந்தை வயிற்றுக்குள்ளேயே வளராமல் நின்றுபோகும் என்பதை மூன்றாம் மாதத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று அறிய நாம் அலைந்த ஆய்வு அது. சென்னையிலிருந்து டாக்டர்கள் திட்டம் போட்டார்கள். ஊர் ஊராகப் போனது நாம் மூன்று பேர்: கணக்கெடுக்க நான், பிரஷர் பார்த்து ரத்தம் எடுக்க ஒரு நர்ஸ், வண்டியோட்ட நீ.

முதல் மாதம் ஒருத்தியும் வரவில்லை. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது நம் பக்கத்துப் பெண்களின் பழக்கம். நமக்கோ அந்த மூன்று மாதத்துக்குள்தான் வேண்டும். வீட்டு வாசலில் நம் வண்டி நின்றால் தெருவுக்கே சேதி. எம்.எஸ்ஸி. படித்த எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. வண்டியை ரேஷன் கடைப் பக்கம் நிறுத்தினாய். பெண்கள் கையில் பையோடு வந்தார்கள். "கடை பூட்டிக் கீது, இத்தினி பேரு பை எத்துகினு எங்க போறாங்கோ?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "உன் மூஞ்சியப் பாக்கத்தான்" என்றாய்.

ஆனால் வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு பிரஷர் எண் கூடுதலாகத்தான் காட்டியது. அதற்காக வண்டிக்குள் ஒரு பலகை போட்டு, வந்தவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்தாய். நேரமிருந்த நாட்களில் நானும் ஒப்புக்கொண்டேன்.

தென்னேரியில் ஒரு நாள் செல்வி என்ற பெண் கடைசியாக வந்தாள். மாமியாருக்குத் தெரியாமல் ஓடி வந்திருந்தாள். எண் அதிகம். எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில் இருந்தது. நேரத்துக்குச் சென்னை சேராவிட்டால் வீண். ஏற்கெனவே ஒருமுறை திட்டு வாங்கியிருந்தேன். 'நடந்து வந்தவர், அடுத்த மாதம் மீண்டும் பார்க்க' என்று எழுதிவிட்டுக் கிளம்பச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றாய். முடியாது என்றேன். சாவியைத் திருகினாய். சத்தமே இல்லை.

"செல்ஃப் எடுக்கல சார். அது வர்ற வரிக்கும் அந்தப் பொண்ணு குந்திகினு இருக்கட்டும்."

முன்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் என்னவோ செய்தாய். நர்ஸ் இரண்டு முறை பார்த்தாள். எண் இறங்கவில்லை. டாக்டரிடம் போனில் பேசி, செல்வியை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி முடித்ததும் வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

"சரியாயிடுச்சா?" என்றேன்.

"ஆயிடுச்சு சார்." என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாய்: "போன வாட்டி ஏழாம் மாசம், ஃபிட்ஸ் வந்து, இவள நான்தான் சார் வாடகை வண்டில ஏத்திகினு போனேன். புள்ள தங்கல."

வாலாஜாபாத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரத்தமெல்லாம் வீணானது. விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. 'ஓட்டுநர் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை' என்று பதில் எழுதினேன். உண்மை தெரிந்தேதான் எழுதினேன். உன்னை நீக்கினார்கள். நீ வாய் திறக்கவில்லை. அரிசி மில்லுக்கு லாரி ஓட்டப் போய்விட்டாய்.

செல்விக்கு மறுநாளே, பின்னால் அழுத்தம் எகிறாமல் தடுக்க, ஆஸ்பிரின் மாத்திரை தொடங்கினார்கள். அடுத்த மாதம் வரை விட்டிருந்தால் காலம் கடந்திருக்கும் என்று டாக்டரே சொன்னார். பெண் குழந்தை, கொஞ்சம் முன்னதாக, உயிரோடு.

ஆய்வு கட்டுரையாக வந்தபோது என் பெயர் அதில் இல்லை. வெயிலில் அலைந்தவனை மறந்தவர்கள் மேல் எனக்கு இன்னமும் ஆத்திரம் தீரவில்லை. அளப்பதற்கு முன் பெண்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்ததாக அதில் ஒரு வரி உண்டு. அது யார் யோசனை என்று இல்லை. அதையும் சேர்த்தே அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன், நீ இறந்து உன் காரியத்துக்கு வரும்வரை.

அங்கே செல்வி மகளோடு வந்திருந்தாள். "அண்ணன் இன்னா தப்பு பண்ணுச்சுன்னு வேலைய வுட்டு நிறுத்தினாங்க சார்?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மகள் உன் படத்தின் முன் விழுந்திருந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஆய்வில் உன் பெயர் இருக்கும் காகிதம் ஒன்றே ஒன்றுதான். அது நான் எழுதிய அந்த விளக்கக் கடிதம். அதன் நகலை இத்தனை நாளும் வைத்திருந்தேன். அவர்கள் எனக்குச் செய்ததற்குச் சாட்சி என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதை எடுத்து, என் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: 'வண்டியில் பழுது இல்லை. ஒரு பெண் உட்கார வேண்டியிருந்தது. அதனால் ஓட்டுநர் நிறுத்தினார்.'

நாளை தென்னேரிக்குப் போகிறேன். அதைச் செல்வியிடம் கொடுக்க வேண்டும்.