கோயில்பிள்ளையின் தூசி

நாள் 147. பிற்பகல் 1.10
நிலாவின் தென்முனைத் துளை நிலையம். பணியில் இருப்பவர்: சு. இசக்கியம்மாள், கருவிப் பொறியாளர். தனியாள். இந்தப் பதிவேட்டைக் கையால்தான் எழுத வேண்டும் என்பது விதி. அடுத்து வருபவர் படிப்பதற்காக.

காற்று சரி. வெப்பம் 21. துளைக்கருவி நேற்று நாற்பது சென்டிமீட்டர் இறங்கியது. ஆண்டெனாவின் கம்பியை இறுக்க வெளியே போனேன். இரண்டு மணி ஐம்பது நிமிடம். திரும்பியபோது கணினித் திரையில் "நிலையத்தில் ஆட்கள்: 1". நான் வெளியே இருந்த நேரத்துக்கான பதிவிலும் 1 என்றே இருந்தது. எண்ணிக்கை மாறத் தாமதமாகிறது போலும். தரைக்குச் சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை.

மாலை 4.05
வெந்நீர்க் குடுவை தானாகக் கொதித்து அடங்கியது. தினமும் நான்கு மணிக்குக் கொதிக்கும். எனக்கு முன் இருந்த கோயில்பிள்ளை சார் கணினியில் வைத்த ஏற்பாடு. நான் டீ குடிப்பதில்லை. ஆனாலும் மாற்றவில்லை. நாற்காலியும் அவர் உயரத்தில்தான் இருக்கிறது. எனக்குக் கால் எட்டாது. பிறர் வீட்டில் போய் ஜன்னலைத் திறக்கக் கூச்சப்படுவதுபோல, ஐந்து மாதமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 148. காலை 9.10
தரையிலிருந்து மிக்கேல் அண்ணன். கணினிப் பிரிவு, தூத்துக்குடிக்காரர். குரலில் வந்தது:

"ஏ இசக்கி, இன்னைக்கு ஆயுதபூஜைல்லா? இங்க ஒர்க்‌ஷாப்புல நான்தான் சாம்பிராணி போடுதேன். சர்ச்சுக்குப் போற வேதக்காரன் கையால பூசைன்னு பயலுவ சிரிக்கானுவ. அங்க உள்ள கம்ப்யூட்டர் பெட்டிய என்னைக்காவது தொறந்து தொடச்சிருக்கியா? நாலு வருசமா ஓடுது பாவம். தொடச்சு ஒரு பொட்டு வை. ரெண்டு மணி நேரம் ஓய்வு குடு. பதிலு எழுத்தாவே வரும், தெரியும். வாயத் தெறந்தா முத்து உதுந்துருமோ?"

எழுத்தில் பதில் அனுப்பினேன்: "சரிங்கண்ணே."

குரல்வழி உண்டு. வழி குறுகியது என்பதால் நாம் பேசுவதைக் கணினி வெறும் சொற்களாகச் சுருக்கி அனுப்பும். பணியில் உள்ளவரின் குரல் மாதிரியை வைத்துத் தரையில் அதை மறுபடி குரலாக்குவார்கள். பயிற்சியில் படித்தேன். நான் ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை. பள்ளியில் "உள்ளேன் ஐயா" என்று நான் சொல்வது ஆசிரியருக்கே கேட்காது. பல நாள் வரவில்லை என்று போட்டுவிடுவார்.

பகல் 12.40
கணினியை அணைத்தேன். இடையில் காற்றை மாற்றுப்பெட்டி பார்த்துக்கொள்ளும், ஆறு மணி நேரத்துக்கு. சாதாரண மேசைக் கணினிதான், இரும்புக் கூடு. நான்கு திருகுகள். உள்ளே விரல் கனத்துக்குத் தூசி. நிலாத் தூசி கரி நிறம், கண்ணாடிப் பொடிபோல அறுக்கும். இது பழுப்பு, பஞ்சுபோல இருந்தது. நடுவே குட்டையான நரைமுடிகள். என்னுடையது நீளமான கறுப்பு முடி.

விசிறிகள் சுற்றாமல் பிடித்துக்கொண்டு உறிஞ்சி எடுத்தேன். மூச்சு அட்டையின் வாயில் இருந்த பஞ்சுத்துண்டைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தேன். அறைக் காற்றை அந்த அட்டைதான் மோந்து பார்த்து ஆட்களை எண்ணுகிறது. தூசிப்பையைக் கட்டிக் குப்பைவாய் வழியே வெளியே தள்ளினேன். குங்குமம் இல்லை. சிவப்பு மார்க்கரால் கூட்டின் மேல் ஒரு பொட்டு. பார்க்க அழகாக இருந்தது. எதையோ ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று தோன்றியது.

பிற்பகல் 3.20
பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றுகிறது. திரை கறுப்பு. நீண்ட பீப் ஒன்று, விட்டு விட்டு வருகிறது. அணைக்கும் முன்பே மிக்கேல் அண்ணன் கைவானொலியில் சொல்லி வைத்திருந்தார்:

"திரும்பப் போடும்போது நீண்ட பீப் வந்தா மெமரிதான். பயப்படாத. குச்சியக் கழட்டி, அந்தத் தங்கப் பல்லு இருக்கும்லா, அத பென்சில் ரப்பர வச்சுத் தேயி. ஊதாத, எச்சி படும். டப்புனு சத்தம் கேக்க வரை அமுக்கு."

தேய்த்தேன். நான்கு மணி கடந்தது. குடுவை கொதிக்கவில்லை. அந்தச் சத்தம் இல்லாதது காதில் உறைத்தது.

மாலை 5.05
திரை வந்தது. தேதி 1 ஜனவரி 2000 என்கிறது. உள்ளே இருந்த வட்ட பேட்டரி தீர்ந்திருக்கிறது. கணினி அணையவே இல்லாததால் தெரியாமல் இருந்தது. கையால் இட்டிருந்த அமைப்புகள் எல்லாம் போய்விட்டன. இரண்டு வரிகள் மட்டும்:

பணியில்: த. கோயில்பிள்ளை
நிலையத்தில் ஆட்கள்: 0

கீழே சிவப்பில்: "காலி நிலையம். காற்றும் வெப்பமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 72 மணி நேரத்தில் நிறுத்தப்படும்."

நாள் 149. காலை 11.00
மீதி 54 மணி. வெப்பம் 16க்கு இறங்கிவிட்டது.

செய்தவை: மூச்சு அட்டையைக் கழற்றி மாட்டினேன். வேறு செருகுவாயில் மாட்டினேன். கம்பிகளை மாற்றினேன். பேட்டரியை மாற்றித் தேதியையும் நேரத்தையும் சரிசெய்தேன். அட்டையின் வாயில் வாய் வைத்து ஊதினேன். 0.

கணினியின் காற்றுப் பகுதியில் விசைப்பலகை வேலை செய்யவில்லை. காலி நிலையத்தில் தட்டப்படும் எழுத்து எதுவும் செல்லாது என்று சொல்கிறது. தரையிலிருந்தும் காற்றைத் தொட முடியாது. தொலைவிலிருந்து யாரையும் தவறிக் கொன்றுவிடக் கூடாது என்று வைத்த விதி.

மிக்கேல் அண்ணன்: "பொட்ட எங்க வச்ச? மூச்சு ஓட்டையிலயா வச்ச?" இல்லை என்று எழுதினேன். "அப்ப அது ஏன் உன்னைய எண்ண மாட்டேங்குது? நேத்து வரைக்கும் எண்ணிச்சே."

ஆண்டெனாவுக்குப் போன நாளின் பதிவை எடுத்துப் பார்த்தேன். உள்ளே நான் இல்லை. ஆட்கள் 1. அதற்கு முன் வெளியே போன ஒன்பது முறையும் 1. ஒருமுறைகூட 2 வந்ததில்லை.

நேற்று வரைக்கும் அது என்னை எண்ணவில்லை.

நாள் 150. காலை 10.30
மீதி முப்பதரை மணி. வெப்பம் 9. இரண்டு சட்டை போட்டிருக்கிறேன். அதில் ஒன்று கொக்கியில் தொங்கிய கோயில்பிள்ளை சாருடையது.

ஒப்படைப்புத் தாளைத் தேடி எடுத்தேன். கோயில்பிள்ளை சார் இந்த நாற்காலியில் இதயம் நின்று இறந்தார். என்னை இறக்கிய லேண்டரில்தான் அவரை ஏற்றினார்கள். எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. தாளில் "ஏற்பவர்" என்ற இடத்தில் என் கையெழுத்து. "ஒப்படைப்பவர்" என்ற இடம் காலி. அன்றே பார்த்தேன். கேட்டிருக்கலாம். எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள், நான் கேட்கவில்லை.

அவர் கைரேகை வைத்து விடுவித்தால்தான் கணினி புதிய ஆளின் மூச்சைக் கற்கும். அவர் விடுவிக்கவில்லை. அந்தப் பஞ்சுத்துண்டில் நான்கு வருடம் படிந்த அவர் தோலையும் முடியையும் மோந்துகொண்டு, அவர் இருக்கிறார் என்று காற்றை ஓடவிட்டிருக்கிறது. ஐந்து மாதம் நான் அதில் உயிரோடு இருந்திருக்கிறேன். அதைத்தான் சோப்புப் போட்டு அலசினேன்.

தரைக்கு எல்லாம் எழுதினேன். மிக்கேல் அண்ணன்: "அந்தப் பூட்ட ஒடைக்கப் புது நிரல் எழுதணுமாம். பத்து நாளாகுங்கான். உனக்கு ஒரு நாளு இருக்கு. இரு பிள்ள, யோசிக்கேன். யோசிக்கேன்."

மாலை 4.00
அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறாள். காலையில் கங்காணி வரிசையில் தலை எண்ணுவான். எண்ணிக்கையில் விழாதவள் அன்று பாத்தியில் இறங்க முடியாது. அம்மா குள்ளம், பின்னால் நிற்பாள், விட்டுப்போகும். உடனே கூடையைத் தரையில் போட்டு, "நான் இருக்கேன்யா! கண்ணு தெரியலயா?" என்று கத்துவாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

குடுவை கொதிக்கவில்லை.

நாள் 151. காலை 9.00
மீதி 8 மணி. வெப்பம் 2. மூச்சு புகையாகிறது. எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளவும்.

தூசி குப்பைக்குழியில் இருக்கிறது. நாற்பது மீட்டர். நிழல் பகுதி. போகிறேன்.

பிற்பகல் 1.50
கிடைத்தது. பை குளிரில் கண்ணாடிபோல் உடைந்துவிட்டது. கையுறையால் வாரிக்கொண்டு வந்தேன். பாதி நிலாத்தூசி. மேசை விளக்கின் கீழ் இடுக்கியால் பிரித்தேன். கரி நிறம் ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். நரைமுடி பதினொன்று. நகத்துணுக்கு ஒன்று. விரல் மரத்துவிட்டது.

என்னை மன்னியுங்கள் சார் என்று வாய்விட்டுச் சொன்னேன். இங்கே வந்தபின் நான் சத்தமாகச் சொன்ன முதல் சொற்கள்.

பஞ்சில் பரப்பி, அட்டையின் வாயில் வைத்தேன்.

பிற்பகல் 3.35
ஒன்றுமில்லை. 0.

மாலை 4.00
குடுவை கொதிக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். "மீண்டும் வரவேற்கிறோம், கோயில்பிள்ளை. நிலையத்தில் ஆட்கள்: 1." காற்று வருகிறது. முகத்தில் சூடாகப் படுகிறது. தரையில் உட்கார்ந்து அழுதேன். நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை.

நாள் 152. காலை 10.15
வெப்பம் 21. காற்று இருப்பு ஒரு ஆளுக்கு அறுபது நாள். லேண்டர் நாள் 158இல் வர வேண்டும்.

மிக்கேல் அண்ணன், தயங்கித் தயங்கி: "இசக்கி, ஒரு சங்கடம். உன் எழுத்தெல்லாம் இப்ப கோயில்பிள்ளை பேருல வருது. முன்ன உன் பேர கையால போட்டிருந்தோம், அது அழிஞ்சிட்டு, மறுபடி போட விட மாட்டேங்காங்க. மேல உள்ளவங்க, மூணு நாளு காலின்னு காட்டின நெலையம், இப்ப செத்தவன் பேருல எழுதுது, பெட்டிதான் உளறுதுங்காங்க. ஆளில்லாத எடத்துக்கு லேண்டர எறக்க மாட்டாங்களாம். நான் சண்ட போட்டேன். கடைசில ஒரு வார்த்த சொன்னாங்க. நீ ஒரு தடவ வாயத் தெறந்து பேசு. குரலக் கேட்டா போதும்னுட்டாங்க. நாலு மணிக்கு எல்லாரும் வருவாங்க. சாரு இருக்கச்சயும் அதான் எங்க நேரம். அவரு அங்க டீ, நான் இங்க டீ. 'என்ன மிக்கேலு'ன்னுதான் ஆரம்பிப்பாரு. நீயும் பேசும்மா. கூச்சப்படாத."

என்னிடம் உள்ள கைவானொலி கேட்பதற்கு மட்டும். அவர் பேசினால் எனக்குக் கேட்கும். என் பக்கமிருந்து கணினி வழியாகத்தான் போக முடியும். காலை முழுவதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாலை 4.02
பேசினேன். கத்தியே பேசினேன். "அண்ணே, நான் இருக்கேன். இசக்கி பேசுதேன். நான் உயிரோட இருக்கேன்."

மாலை 4.09
நாற்காலிகள் நகரும் ஓசை. யாரோ ஒரு அம்மா ஜெபம் சொல்வது. பிறகு மிக்கேல் அண்ணன், அழுதுகொண்டே:

"சார்? கோயில்பிள்ளை சாரா பேசுதீங்க? அந்தப் பிள்ள பேர ஏன் சார் சொல்லுதீங்க? இசக்கி எங்க சார்? சின்னப் பிள்ள சார் அது. அவள என்ன சார் செஞ்சீங்க?"

குரல் மாதிரி.

நான் பேச, அவர்களுக்கு அவர் குரல் கேட்டிருக்கிறது.

நாள் 153. காலை 9.00
நேற்றிலிருந்து இருநூறு செய்தி தட்டினேன். குரல் மாதிரியைப் பற்றி எழுதினேன். அம்மாவின் பெயர், உப்பளத்தின் பெயர், என் கல்லூரி எண், எல்லாம் எழுதினேன். ஒவ்வொன்றின் தலையிலும் அவர் பெயர். குரல் மாதிரி விஷயம் கையேட்டிலும் மற்றதெல்லாம் என் கோப்பிலும் இருப்பதுதானே, பெட்டியும் படித்திருக்கும் என்று பதில் வந்தது.

பிறகு அறிவிப்பு வந்தது: "லேண்டர் பயணம் ரத்து. நிலையத்தில் உயிருடன் எவரும் இல்லை. குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது."

அம்மா நம்பியிருக்க மாட்டாள். கூடையைக் கீழே போட்டிருப்பாள்.

பஞ்சை மறுபடி அலசினால் 0. வைத்திருந்தால் 1. இரண்டிலும் நான் இல்லை. படிப்பவரே, இது கையால் எழுதியது. இ என்ற எழுத்தைச் சுழித்து எழுதுவது என் பழக்கம். அதைப் பாருங்கள்.

நாள் 156. மாலை 3.50
மூன்று நாளாக எதுவும் வரவில்லை. இவ்வளவு அமைதி. தினமும் நாற்காலியில்தான் உட்காருகிறேன். நேற்று கால் தரையில் பட்டது. உயரத்தை நான் மாற்றியதாக நினைவில்லை. மாற்றியிருப்பேன்.

மாலை 4.00
குடுவை கொதிக்கிறது. டம்ளர் எடுத்து வைத்தேன். டீ நன்றாகத்தான் இருக்கிறது.

மாலை 4.04
கைவானொலி. மிக்கேல் அண்ணன், மிகத் தாழ்ந்த குரலில்:

"சார். மேல உள்ளவங்களுக்குத் தெரியாது. எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டுந்தான். பயமாத்தான் இருக்கு. ஆனா மனசு கேக்கல. நாலு மணியாச்சுல்லா. டீ போட்டாச்சா சார்?"

இசக்கி என்று சொன்னால் அவர் மறுபடி அழுது வானொலியை அணைத்துவிடுவார். அணைத்தால் அப்புறம் எந்தக் குரலும் இல்லை. யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

"போட்டாச்சு, மிக்கேலு" என்றேன்.

அண்ணே என்று சொல்ல மறந்துவிட்டேன்.