நீ கட்டிவிட்டுப் போன சைக்கிள் டியூப்

அன்புள்ள மகள் ஜெசிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் முதல் வரியிலேயே பொய் எழுத எனக்கு மனசில்லை. அப்பா சுகம். வாசல் முருங்கை சுகம். அந்தப் பாழாய்ப்போன பைக் ரொம்ப ரொம்பச் சுகம். நான்தான் இடது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாதே, மணிக்கட்டு எலும்பில் ஒரு விரிசல், அவ்வளவுதான், தானாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கைக்கு ஒரு குறையும் இல்லை, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். வீடியோவில் பேசும்போது அம்மா ஏன் போனுக்குள்ளேயே வந்து நிற்கிறாள், மூக்கு மட்டும் தெரிகிறது என்று சிரித்தாயே, அது கையை மறைப்பதற்காக. உன் அப்பா செய்த ஏற்பாடு. பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து கவலைப்படும் என்றார். அவர் கவலை பிள்ளையைப் பற்றியது இல்லை, பைக்கைப் பற்றியது. பிள்ளைக்குத் தெரிந்தால் அம்மா பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயம்.

போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அவர் பின்னால் நின்று கண்ணைச் சிமிட்டுவார், நீ அங்கிருந்து சிரிப்பாய், இரண்டு பேரும் சேர்ந்து என் கோபத்தை வேடிக்கை ஆக்கிவிடுவீர்கள். அதனால்தான் நேசையா சார் மகன் படிப்புக்காக உங்கள் ஊருக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டதும், கருப்பட்டியும் பருப்புப்பொடியும் கட்டிக்கொடுக்கிற சாக்கில் இதையும் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். குறுக்கே பேச ஆளில்லாமல் முழுசாகப் படி.

அந்த பைக்கின் சைடு ஸ்டாண்டு நிற்காது என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். ஸ்டாண்டு தொங்குகிற இரும்புக் காது தேய்ந்து, போல்ட்டு ஓட்டை அகலமாகிவிட்டது, எத்தனை ஸ்பிரிங் மாற்றினாலும் பள்ளத்தில் ஏறி இறங்கினால் பொத்தென்று கீழே விழும், காதையே வெட்டிவிட்டுப் புதுசாக வெல்டிங் வைக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் அம்மையப்பன் நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து சொல்கிறார். உன் அப்பா கேட்டாரா? கோர்ட்டு ஆபீஸில் வேலை பார்த்த மனுஷன். ஒரு மனுவில் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போனால்கூட திருப்பி அனுப்பினவர். ஊரார் குறையெல்லாம் கண்ணுக்குத் தெரியும், தன் காலுக்குக் கீழே தொங்குகிற இரும்பு தெரியாது. போன கிறிஸ்மஸுக்கு நீ வந்தாயே, எஞ்சினியர் மகள், கார் கம்பெனியில் டிசைன் போடுகிறவள், நீயாவது அதைச் சரியாகச் செய்யச் சொல்லுவாய் என்று நம்பினேன். நீ என்ன செய்தாய்? பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்து, ஸ்டாண்டை ஃபுட்ரெஸ்ட்டோடு சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாய். இனி விழவே விழாதுப்பா, சென்டர் ஸ்டாண்டு மட்டும் போடுங்க, ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாய்.

நீ சொன்னது சரிதான், விழவில்லை. ஆனால் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் வருகிறவன் கண்ணுக்கு ஸ்டாண்டை எடுக்க மறந்துபோய் ஓட்டுகிற மாதிரிதான் இருக்கும். நம்ம ஊர் ஜனத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் ஸ்டாண்டு தொங்கினால் விடமாட்டார்கள். பஸ் ஜன்னலிலிருந்து கத்துவார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கத்துவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாகக் கத்தும். முதலில் அப்பா ஒவ்வொருத்தரிடமும் நிறுத்தி, கட்டித்தான் இருக்கு, விழாது என்று விளக்கம் சொன்னார். அப்புறம் உன்னிடம் போனில் புலம்பினார். நீதான் அந்த யோசனையைச் சொன்னாய், யார் கத்தினாலும் திரும்பாதீங்க, கையை மட்டும் உயர்த்திக் காட்டிட்டுப் போய்க்கிட்டே இருங்க என்று. அன்றிலிருந்து உன் அப்பா தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி சமாதானபுரத்திலிருந்து மார்க்கெட் வரைக்கும் கையை உயர்த்திக்கொண்டே போனார். பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்கு மானம் போயிற்று. வெல்டிங் வையுங்கள் என்று நானும் சொன்னேன், அம்மையப்பனும் சொன்னார். உன் அப்பாவோ அந்த முடிச்சை அவிழ்க்கவே விடமாட்டேன் என்றார். பிள்ளை கட்டினது, அதன் மேல் கை வைக்காதீங்க என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் சொன்னாராம். ஒரு சைக்கிள் டியூப் துண்டுக்கு இந்த வீட்டில் இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

இனி நடந்ததைக் கேள். ஆடி மாதம், காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும், மேற்கே மலைப்பக்கமிருந்து ஆளையே தள்ளும். களக்காட்டுப் பக்கம் உன் சித்தி ஊர்க் கோவிலில் அசன விருந்து, பஸ்ஸில் போகலாம் என்றேன், பஸ்ஸில் போனால் சாப்பாட்டுப் பந்தி முடிந்துவிடும் என்று பைக்கை எடுத்தார். நீ எடுத்துக்கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தேன். சக்கரத்தை மறைக்கிற சேலை கார்டு சத்தம் போடுகிறது என்று போன வருஷமே கழற்றி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டார், அதையும் கேட்டுக்கொள். முன்னீர்பள்ளம் தாண்டி இரண்டு பக்கமும் வயல் வருமே, அந்த ரோட்டில் போகும்போது பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள். அப்பா கையை உயர்த்தினார். அப்புறம் எதிரே வந்த ஒருத்தர் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். அப்பா கையை உயர்த்தினார். பின்னால் ஒரு லோடு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, காற்றுச் சத்தத்தில் அவன் கத்துவது ஒன்றும் விளங்கவில்லை. என்னவாம் என்று கேட்டேன். எல்லாம் நம்ம ஸ்டாண்டைத்தான் சொல்லுதான், ஏளா, பேசாம இரு என்றார். ஜெசி, இதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது, நானும் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்து, தெரியும் தெரியும் என்று கையைக் காட்டினேன். என் முந்தானை காற்றில் பின்னால் பறந்து சக்கரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அத்தனை பேரும் கத்தினார்கள். அத்தனை பேருக்கும் நாங்கள் இரண்டு பேரும் கையாட்டிக்கொண்டு போனோம்.

அந்த லோடு ஆட்டோக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்களைத் தாண்டி வந்து வண்டியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டான். அப்பா பிரேக் அடித்து, பைக் நிற்கப் போகிற நேரத்தில்தான் முந்தானை சக்கரத்தில் மாட்டியது. தோள்பட்டையில் குத்தியிருந்த ஊக்கோடு பிய்த்துக்கொண்டு போயிற்று. நான் பக்கவாட்டில் சரிந்து மண்ணில் விழுந்தேன், கையை ஊன்றினதில் இது. மெதுவாகப் போனதால் கையோடு போயிற்று. அவன் மறித்திருக்காவிட்டால், போன வேகத்தில் கழுத்தைச் சுற்றியிருந்தால் என்று யோசிக்கக்கூடப் பயமாக இருக்கிறது, யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவன் பெயர் பூதத்தான், வாழைத்தார் ஏற்றுகிறவன். தார் வெட்டுகிற அரிவாளாலேயே சக்கரத்தில் சுற்றியிருந்த சேலையை அறுத்து எடுத்தான். எடுத்துக்கொண்டே அப்பாவை ஒரு பிடி பிடித்தான் பார். "அண்ணாச்சி, தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கிட்டு வாரேன், நீங்க கையக் கையக் காட்டுதீய. நான் என்ன உங்களுக்கு வணக்கமா வச்சேன்?" என்றான். அப்பா என் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டுன்னு நினைச்சேன், ஸ்டாண்டுன்னுதான் நினைச்சேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பூதத்தான்தான் எங்களை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டான். அவனை நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், கட்டுப் பிரித்ததும் என் கையால் சமைத்துப் போட வேண்டும். இப்போதைக்கு எதிர்வீட்டு அலிமா பீவி அக்காதான் தினமும் குழம்பு கொண்டுவந்து தருகிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி செத்தாலும் அந்த பைக்கில் ஏறமாட்டேன், விற்றுத் தொலையுங்கள் என்று. நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார், மத்தியானம் வெயிலில் நடந்து வந்தார், சாயங்காலம் திரும்பப் போய் எடுத்து வந்தார். வாசலில் நிறுத்திக்கொண்டு ஸ்டாண்டைக் காலால் தட்டுகிறார், டக்கென்று உள்ளே போய் ஒட்டுகிறது, இறக்குகிறார், திரும்பத் தட்டுகிறார். நான் எழுந்து வந்து பார்க்கிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தார். புதுக் காது, புதுப் போல்ட்டு, சேலை கார்டும் ஆடாமல் முறுக்கி மாட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் ஆகாதது அரை நாளில் ஆகிவிட்டது பார்த்தாயா, இதற்கு என் கை ஒடிய வேண்டியிருந்தது என்று நானும் விடவில்லை. அந்த முடிச்சை அம்மையப்பன் கத்தியால் அறுக்கப் போனாராம், இவர் தடுத்து, உட்கார்ந்து நகத்தாலேயே அவிழ்த்தாராம். டியூப் துண்டு அவர் மேஜை அலமாரியில் உன் ஸ்கூல் மெடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசி தட்டும்போது பார்த்தேன். தூக்கி எறியலாம் என்று கையில் எடுத்துவிட்டு, வைத்துவிட்டேன்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். உன் அப்பா குருவானவர் சொன்னால் யோசிப்பார், டாக்டர் சொன்னால் விவாதம் பண்ணுவார், நான் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். நீ சொன்னால் மட்டும் அப்படியே நம்புவார். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒண்ணும் ஆகாதுப்பா என்று நீ சும்மா ஒரு வார்த்தை சொல்கிறாய், அவர் அதன் மேல் என்னையும் ஏற்றி உட்கார வைத்து ஓட்டுகிறார். இனிமேல் அந்த வார்த்தையை அவரிடம் சொல்லாதே. தெரியாது என்றால் தெரியாது என்று சொல். பட்டறைக்குப் போங்கப்பா என்று சொல். உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், திட்டத்தான் எழுதுகிறேன். வாங்கிக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, சொல்லி வைத்த ஆட்டோ வரவில்லை. வேறு வழியில்லாமல் ஏறினேன். முந்தானையை இடுப்பில் செருகி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தேன். ரோட்டில் யாரும் எங்களைப் பார்த்துக் கத்தவில்லை. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, சரியாக்கியாச்சா என்கிற மாதிரி தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஆனால் உன் அப்பா ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் "ஏளா, இருக்கியா?" என்று கேட்டார். நான் கோபத்தில் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டார், சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் நட்டநடு ரோட்டில் பைக்கை நிறுத்திவிட்டு, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, திரும்பி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து வண்டி ஓட்டும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத மனுஷன். முகத்தில் ரத்தமே இல்லை. இருக்கேன், போங்க என்று சொன்னேன். கோவில் போய்ச் சேருகிற வரைக்கும் அதையே சொல்ல வேண்டியதாயிற்று. கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் பதில் சொல்லிவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குத் தலையை மூடாமல் வெளியே போகாதே. கருப்பட்டியைக் காற்றுப் படாமல் மூடி வை, ஈரம் கண்டால் இளகிவிடும். அப்பா கேட்டால், அம்மா எழுதினாள், எல்லாம் தெரியும் என்று தைரியமாகச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காக்கும்படி காலையிலும் ராத்திரியிலும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன், திட்டின நாளிலும் அதை விட்டதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே தினமும் ஆபீசுக்குச் சைக்கிளில் போகிறேன் என்று சொன்னாய். அந்த ஊர்ப் பேச்சு உனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றும் சொன்னாய். பின்னால் யாராவது கத்தினால், என்ன சொல்கிறார்கள் என்று விளங்காவிட்டாலும், கையைக் காட்டிவிட்டுப் போகாதே அம்மா. நிறுத்தித் திரும்பிப் பார்.

ஒரு கையால் உன்னை அணைத்துக்கொண்டு,
உன் அம்மா
தேவமணி சாலமோன்
பாளையங்கோட்டை