விலக்கில் நிற்காத வண்டி

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவைப் பற்றி அப்படி ஒரு வரியில் எழுதிவிட முடியவில்லை, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், வாசலை விட்டு நகர்ந்தால் எனக்கு சிக்னல் இல்லை. அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு வேலுத்தாய் மகன் செல்வகணேஷ், ஆட்டோ ஓட்டுகிறானே அவனிடம் கொடுத்து, அவன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

இங்கே மழை இரண்டு நாள் பெய்துவிட்டு நின்றுவிட்டது. மக்காச்சோளம் முளைத்துவிட்டது, உளுந்து இன்னும் விதைக்கவில்லை. போன வருஷம் போல இந்த வருஷமும் காட்டுப்பன்றி வரும் என்று இப்போதே வரப்பைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறார்கள், நம் காட்டில் உன்னுடைய பள்ளிக்கூடத் தாவணி ஒன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. உன் சித்தி ராதாமணி போன வாரம் விளாத்திகுளத்திலிருந்து வந்து அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், வற்றல் கொண்டுவந்தாள், உனக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக நீ வாங்கிக் கொடுத்த கார் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கு நீ எழுதிய புகாருக்கு, உங்கள் தகப்பனார் ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுத்து முழுத் திருப்தி தெரிவித்திருக்கிறார், ஆகவே புகாரை முடித்துவிட்டோம் என்று அவர்கள் பதில் அனுப்பியதைப் படித்துக் காட்டி, ஏம்ப்பா இப்படிச் செஞ்சீங்க என்று கேட்டாய். நடந்தது இதுதான். திருநெல்வேலி ஷோரூமில் நம் வண்டியை வாங்கி, குறையை எழுதிக்கொண்டு, திரும்பக் கொடுப்பது மணிகண்டபிரபு என்கிற தம்பி. ஒரு தடவை அம்மாவும் கூட வந்திருந்தாள், அவளைப் பார்த்ததும் குளிர்சாதன அறைக்குக் கூட்டிப்போய் சோபாவில் படுக்க வைத்து, யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டான். வண்டியைக் கொடுக்கும்போதெல்லாம் வாசல் வரை வந்து, தணிந்த குரலில், “ஐயா, கம்பெனில இருந்து ஒரு போன் வரும்யா, பத்துன்னு சொல்லிருங்க, ஒம்போதுன்னாலும் எனக்குத்தான் அடி” என்பான். அதேபோல இரண்டு நாளில் போன் வரும், அதில் ஒரு பெண் குரல் எங்கள் சேவையில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்கும். நான் அந்தத் தம்பிக்கு மார்க் போடுகிறோம் என்று நினைத்துத்தான் பத்து என்றேன். வண்டி ஓடுகிறதா என்று அந்தக் குரல் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வண்டிக்கு என்ன என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்டாய், எனக்கே புரியாததால் அரைகுறையாகச் சொன்னேன். இப்போது புரிந்ததை எழுதுகிறேன். முதலில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது, பிறகு என்ஜின் இழுவை குறைந்து, ஏற்றத்தில் மாட்டுவண்டி வேகத்துக்கு வந்து நின்றுபோனது. முதல் தடவை டீசல் சரியில்லை, பங்க்கை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினேன். அடுத்த தடவை எலி ஒயரைக் கடித்திருக்கும், காட்டுப் பக்கத்து ஊர்தானே என்றார்கள். பானெட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிட்டேன், அம்மா, வண்டியே சுருட்டு பிடித்தவன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி நாறுகிறது என்றாள். பிறகு சென்சார் என்று ஒன்றை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் வண்டி நல்லபடி இருக்கிறது என்று காட்டும், நம் ஊர் ரோட்டுக்கு வந்தால் விளக்கு எரியும். கடைசியில்தான் சொன்னார்கள், புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கிறதாம், வண்டி வேகமாக ஓடினால் அந்தக் கரி தானே எரிந்துவிடுமாம், மெதுவாக ஓடினால் சேர்ந்து அடைத்துக்கொள்ளுமாம். கரிசலில் போட்ட ரோடு ஒரு மழைக்கே மேலும் கீழுமாக வளைந்து கிடக்கிறது, அதில் டயாலிசிஸ் முடித்த அம்மாவைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு நான் எப்படி வேகமாகப் போவேன். வண்டியை விற்கும்போது இதை ஒருவரும் கேட்கவில்லை, எங்கே ஓட்டப் போகிறீர்கள், யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று. நிறம் மட்டும்தான் கேட்டார்கள்.

ஆவணி மாதம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து கம்பெனி என்ஜினியர் வருகிறார், நீங்கள் ஓட்டுகிற விதத்தை அவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஷோரூமில் கூப்பிட்டார்கள். அது அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள், மாலை நேரத்து முறை. மதியத்துக்குள் வந்துவிடுவேன், நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அங்கே நேரமாகிவிட்டது. அவளைப் பஸ்ஸில் போகச் சொல்லி வேலுத்தாய்க்குப் போன் செய்தேன், துணைக்கு அவளும் கிளம்பினாள். என்ஜினியர் நல்ல மனிதர், மடியில் லேப்டாப்பை வைத்து வண்டியில் ஒயரை மாட்டிக்கொண்டார், ஷோரூம் வண்டி ஒன்று பின்னால் வந்தது. கயத்தாறு டோல்கேட் தாண்டியதும், இனி ஒரே வேகம், நான் சொல்கிற வரை பிரேக்கைத் தொடக் கூடாது, உள்ளே கரி எரிய ஆரம்பித்திருக்கிறது என்றார். டிராக்டர் ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறீர்கள், இன்னும் மிதியுங்கள் என்று சிரித்தார். மிதித்தேன்.

மெயின்ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற விலக்குக்கு வரும்போது ரோட்டோரத்தில் இரண்டு பேர் நிற்பது தெரிந்தது. கிட்டே வர வர அது அம்மாவும் வேலுத்தாயும். பஸ் இன்னும் வரவில்லை, அங்கே ஒதுங்க ஒரு நிழல் இல்லை என்பது உனக்குத் தெரியும். அம்மா வண்டியை அடையாளம் கண்டுவிட்டாள், அவளைக் கூட்டிப்போகத்தான் வருகிறேன் என்று நினைத்து, கையிலிருந்த துணிப்பையை உயர்த்திக் காட்டி இரண்டு எட்டு முன்னால் வந்தாள். சார், அது என் வீட்டுக்காரி என்றேன். அவர் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நிறுத்தாதீங்க சார். இப்ப நிறுத்தினா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.” மறுபடியும் முதலிலிருந்து என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் செல்வி. நான் காலை எடுக்கவில்லை. வண்டி அவளைத் தாண்டிப் போனது. கண்ணாடியில் பார்த்தேன், பையை இன்னும் இறக்கவில்லை.

கோவில்பட்டி பைபாஸும் தாண்டி, சாத்தூர் போகிற வழியில்தான் விளக்கு அணைந்தது. என்ஜினியர் அதைப் படம் எடுத்துக்கொண்டு, இனி தொந்தரவு இருக்காது, வாரம் ஒருமுறை இப்படி ஓட்டினால் போதும் என்று கை கொடுத்துவிட்டு, பின்னால் வந்த வண்டியில் ஏறிப் போனார். நான் திரும்பி விலக்குக்கு வந்தேன், அங்கே யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவுக்கு ஊசி குத்தி மிஷினில் போட்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்த வேலுத்தாய், “அண்ணாச்சி கண்ணாடிய மாத்தணும் போல, பொண்டாட்டியவே தெரிய மாட்டேங்கு” என்றாள். நான் உள்ளே போனேன். அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அம்மாவே பேசினாள். “நீங்க நிக்காமப் போனதும் எனக்கு சந்தோசமா இருந்துச்சு, வண்டி நல்லாயிட்டுன்னு நெனச்சேன்” என்றாள்.

அன்று திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். சித்தி வீட்டுக்கு ஒரு நாள் இந்த வண்டியிலேயே போக வேண்டும் என்றாள். அதன் பிறகு சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. என்ஜினியர் சொன்னபடி, ஆஸ்பத்திரியில் அவளை விட்டுவிட்டு, மிஷினில் அவள் இருக்கிற நேரத்தில் நான் சாத்தூர் வரை காலி வண்டியை விரட்டிக்கொண்டு போய் விரட்டிக்கொண்டு வருவேன். டீக்கடையில் கேட்கிறவர்களிடம், வண்டிக்குக் கரி எரிக்கப் போகிறேன் என்று சொன்னால் சிரித்தார்கள்.

பிறகு புரட்டாசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது, விலக்கிலிருந்து ஊருக்குள் வரும் ரோட்டில் கண்மாய்க்கரையில் நின்றுவிட்டது. அன்று அவளுக்கு பிரஷர் இறங்கியிருந்தது. இறங்கி நின்றவள் அப்படியே சரிந்தாள். உடைமரத்தடியில் துண்டை விரித்துப் படுக்க வைத்தேன். புதியம்புத்தூரில் தையல் வேலை முடித்து வந்த பெண்களின் வேன் நின்றது, எல்லாரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள், ஒருத்தி காலைத் தேய்த்தாள், ஒருத்தி தண்ணீர் கொடுக்க வந்தாள், தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்று நான் கத்தினேன். அந்த வேனில்தான் வீட்டுக்கு வந்தோம். அன்று அம்மா சாப்பிடவில்லை. அத்தனை பேர் பார்க்க வாயைப் பிளந்துகொண்டு ரோட்டில் கிடந்தேனே என்று அதையே சொன்னாள். அடுத்த நாள் காலையில், இனி வாரம் இரண்டு தடவை போதும், மூன்று வேண்டாம் என்றாள்.

டாக்டர் மூன்று என்று சொல்லியிருக்கிறார். நான் அதைச் சொன்னால், அலைகிறது நீங்களா நானா என்கிறாள். இப்போது செல்வகணேஷ் ஆட்டோவில்தான் போகிறோம், அவன் பொறுமையாக ஓட்டுகிறான், ஆனாலும் ஒரு நாள் விட்டுவிடுகிறாள். கால் வீங்கியிருக்கிறது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே இருக்கிறது. படுக்கும்போது இரண்டாவது தலையணை கேட்கிறாள். நீ நர்ஸ், இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. வீடியோவில் உன்னிடம் முகத்தை மட்டும் காட்டுகிறாள், காலைக் காட்டச் சொன்னால் போன் சூடாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாள்.

வண்டி இப்போது மறுபடியும் ஷோரூமில் நிற்கிறது. வடிகட்டியையே மாற்ற வேண்டுமாம், ஓட்டுகிற முறையால் வந்த குறை என்பதால் வாரண்டியில் வராதாம். மணிகண்டபிரபுவுக்குப் போன் செய்தேன், அம்மா எப்படி இருக்காங்க ஐயா என்று மட்டும் கேட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். ஒருத்தரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, ஒருத்தரும் வேலை செய்யாமல் இல்லை, ஆனால் வண்டி நிற்கிறது.

நீ இதை விற்றுவிட்டு பெட்ரோல் வண்டி எடுக்கலாம் என்று மாப்பிள்ளையிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். அந்தப் பேச்சை அம்மா காதில் விழ விடாதே. மகளுக்கு மேலும் செலவு வைக்கிறேன் என்று நினைத்தால் மிச்சமிருக்கிற இரண்டு நாளையும் விட்டுவிடுவாள். வண்டியைப் பற்றியே அவளிடம் கேட்காதே, கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றுவாள். கம்பெனிக்கு இனி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், நான் தடுக்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் ஆஸ்பத்திரியில் சொன்ன பேச்சு கேட்காத நோயாளிகளிடம் ஒரு குரலில் பேசுவாயே, அந்தக் குரலில் அவளிடம் பேசு. என் சொல் அவளிடம் செல்லவில்லை. நீ ஒரு தடவை அதட்டியதை, எம் மவ என்னையவே அதட்டுதா என்று வேலுத்தாயிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்வகணேஷ் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாள். அம்மா இன்னும் சேலை மாற்றவில்லை, அடுப்படியில் இல்லாத வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் போய்க் கூப்பிட வேண்டும்.

நீ, மாப்பிள்ளை, பேத்தி மூன்று பேரும் நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் இருக்க வேண்டும், பிள்ளை தமிழில் பேசப் பழக வேண்டும், இரவு வேலை முடிந்து வரும்போது ரோட்டில் பனி இருந்தால் வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் வா. அம்மாவோடு பேசுவதை மறக்காதே.

உன் அப்பா
பூவனலிங்கம்

கூப்பிட்டுப் பார்த்தேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாள், நாளைக்குப் போறேன் என்கிறாள். நாளைக்கு அந்த மிஷினில் வேறு ஆள் இருப்பார் என்று அவளுக்கும் தெரியும். செல்வகணேஷ் இன்னும் போகாமல் வாசலில் நிற்கிறான். அவனிடம்தான் இதைக் கொடுக்கிறேன். படித்ததும் கூப்பிடு.