உன் கட்டத்தில் நிற்கும் குளவிக் கூட்டம்

போதுமான அளவு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன், இனி முடியாது. நீயும் உன் அம்மாவும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லையென்றால் எனக்குச் சொல்லியிருப்பீர்கள். கெட்ட செய்திக்கு மட்டும்தான் உங்களுக்கு என் நினைவு வரும். நான் நலம். முழங்கால் பரவாயில்லை. கிடங்கில் தானிய மூட்டைகளில் பூச்சி பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது, என்னிடம் வேலை கற்றவன் எனக்கே மேலதிகாரியாக இருப்பதும் அப்படியே. உன் பிள்ளைப்பேற்றுக்கு வந்த அம்மாவை அங்கேயே நிறுத்திக்கொண்டாய், சரி. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை, தினமும் மிஞ்சுகிறது.

உன் சிநேகிதி பல் டாக்டரும், பஸ் ஓட்டுகிறவனும் அவன் மனைவியும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக் கதையாக நீங்கள் ஆடுவீர்களே, நீ அலமாரியில் விட்டுப்போன அந்தப் பகடைப் பெட்டியையும் கட்டம் போட்ட வரைபடத்தையும் கேட்டு வந்தார்கள். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், சாப்பாட்டு மேஜையிலேயே விரித்துவிட்டார்கள். இப்போது ஞாயிறுதோறும் வருகிறார்கள். ஆட்டத்தை நடத்துகிற டாக்டர் கதையில் எதிரியாக வரும் ஒரு குளவிக் கூட்டத்தை என்னிடம் கொடுத்து, நீங்களே இதை ஆடுங்க அங்கிள், பூச்சி உங்க டிபார்ட்மென்ட்தானே என்றாள். ஆயிரம் குளவியை ஒரே பிராணியாக, ஒரே உயிராகக் கணக்கு வைப்பது அறிவியல்படி தவறு என்றேன். ஒவ்வொண்ணுக்கும் பகடை உருட்டினா எங்க பேரப்பிள்ளைங்கதான் இந்தச் சண்டைய முடிக்கணும் என்றான் பஸ்காரன். பிறகு படித்துப் பார்த்தேன், விதிகள் அத்தனை மோசமில்லை. வாளால் வெட்டினால் கூட்டத்துக்குப் பாதிக் காயம்தான். வேறு பிராணி ஆள் நிற்கும் கட்டத்துக்குள் நுழைய முடியாது, கூட்டம் நுழையலாம், ஆள் மேலேயே மொய்த்து நிற்கலாம். தீ ஒன்றுதான் அதை ஒழிக்கும்.

தீ, நீ ஆடிக்கொண்டிருந்த மந்திரக்காரியிடம் மட்டும்தான் இருக்கிறது. நீ போன பிறகும் அவளை எடுத்துவிடாமல் வரிசையின் கடைசியில் நிறுத்திக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பஸ்காரனும் அவன் மனைவியும் ஆடுகிற வீரர்கள் இருவரும் பக்கத்தில்தான் நின்றார்கள், நான் கூட்டத்தை அவள் மேல் நகர்த்தினேன். இப்போது அவள் தீயை விட்டால் கூட்டத்தோடு அவளும் எரிவாள். விலகி ஓடினால் அடுத்த முறை நான் அவர்கள் மேல் இறங்கியாக வேண்டும், அவர்கள் ஏற்கெனவே குற்றுயிர். அவளுக்காக முடிவெடுக்க ஒருவரும் ஒப்பவில்லை. உனக்குச் செய்தி அனுப்பினால் சிரிக்கிற பொம்மை ஒன்றுதான் திரும்பி வருகிறதாம். நீங்க கேட்டா சொல்லுவா அங்கிள் என்கிறார்கள். நீ என்னோடு பேசுவதில்லை என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் பெட்டியை டாக்டர் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புதுக் கதை தொடங்குவார்களாம். அங்கே குளவிக்கு வேலையில்லை.

ஆகவே அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு வரி எழுது, மறக்காதே. என்னை விசாரிக்க வேண்டியதில்லை. குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. குழந்தைக்கு என் ஆசி. உனக்கும்தான்.

உறையில் என் எழுத்தைக் கண்டால் பிரிக்காமலே இழுப்பறையில் போட்டுவிடுகிறாய் என்று உன் அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இதை அலுவலகத்தில் தட்டச்சு செய்தேன், விலாசத்தை டாக்டர் எழுதுவாள். நீ எந்தக் கடிதத்தையும் முதலில் அடியைத்தான் பார்ப்பாய். அங்கே கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.