இடது பெட்டியில் கோளாறு இல்லை, சவரி

என் உயிர் மச்சான் சவரிநாதனுக்கு,

நீ போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். இருபது நாள் உனக்காக அழுதேன். மூன்று நாளாக உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நேரில் திட்டினால்தான் என் மனசு ஆறும். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உன் இடது காது கேட்காது என்று என்னிடம் ஏன்டா சொல்லவில்லை?

வியாழக்கிழமை ரெட்டியார்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளாரா உன் மேசை டிராயரை ஒழித்துக்கொண்டிருந்தாள். சின்ன டப்பா ஒன்றை எடுத்து என்முன் வைத்தாள். உள்ளே காது மெஷின். “டாக்டர் எழுதிக்குடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே. இடது பக்கம் சுத்தமா போச்சுன்னுட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றாள். உன் பெண்டாட்டி முன்னால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். தட்டாஞ்சாவடியில் எனக்கு மரப்பட்டறை. பழைய காலத்து ஸ்பீக்கர்களுக்குத் தேக்கில் பெட்டி செய்வது எங்கள் தொழில். கை என்னுடையது, காது உன்னுடையது. முப்பது வருஷம் இழைப்பு மெஷின் பக்கத்தில் நின்ற என் காதுக்கு ஸ்பீக்கரும் ஒன்றுதான், மிக்ஸியும் ஒன்றுதான். நீ கண்ணை மூடிக் கேட்பாய். சரியென்றால் தலையாட்டுவாய். இல்லையென்றால் உன் அப்பா வீட்டுப் பிரெஞ்சில் “நோன்” என்பாய். நீ நோன் என்றால் நான் மறுபேச்சில்லாமல் பெட்டியைப் பிரிப்பேன்.

கடைசி ஜோடி உனக்கே உனக்கு. உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வரும்போது பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர்கள், காகிதக் கோன் வைத்தவை, பெட்டியில்லாமல் துணியில் சுற்றிக் கிடந்தவை. அதற்காக ஒரே தேக்குப் பலகையைப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் இரண்டு முன்பலகை எடுத்தேன். வலது பெட்டியில் ஓடும் ரேகை இடது பெட்டியில் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஓடும். அப்படி ஒரு ஜோடி என் கையில் அதற்கு முன்னால் வந்ததில்லை. நீயே தடவிப் பார்த்து “ஓலாலா” என்றாய்.

பாட்டு போட்டோம். “நோன், மச்சான். இடது பெட்டி செத்துக் கெடக்கு.”

ஒயரை மாற்றினோம். அப்போதும் இடது. ஸ்பீக்கரையே கழற்றி மாற்றினோம். அப்போதும் இடது. அப்படியென்றால் பெட்டிதான் என்று முடிவு கட்டினோம். நான்கு தடவை பிரித்தேன், சவரி. ஆழத்தைக் குறைத்தேன். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்தேன், அதை எடுத்துவிட்டுப் பஞ்சு அடைத்தேன். நான்காவது தடவை முன்பலகையைப் பெயர்க்கும்போது அது விளிம்பில் பிளந்துகொண்டது. வேறு பலகை போட்டேன். ரேகை போனது. அன்று நான் சாப்பிடவில்லை. அது உனக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

அளவு தப்புகிறதோ என்று கண் டாக்டரிடம் போய்ப் புதுக்கண்ணாடி வாங்கினேன். நான் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தேன், நீ காதை மறைத்துக்கொண்டிருந்தாய். வந்த இரண்டு வேலையை என்னால் முடியாது என்று திருப்பி அனுப்பினேன். என் கையை நானே நம்பாமல் கிடந்தேன். அந்த நம்பிக்கையை யார் திருப்பித் தருவது?

பெட்டிகளை மட்டும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கவில்லை. இடதுக்கென்று அறுத்தது இடது, வலதுக்கென்று அறுத்தது வலது. மாற்றினால் ரேகை முதுகைத் திருப்பிக்கொள்ளும். சொன்னால் ஊர் சிரிக்கும், அழகுக்காகத்தான் மாற்றவில்லை. ஒரு தடவை மாற்றியிருந்தால் நல்ல பெட்டியும் உனக்கு இடப்பக்கத்தில் செத்திருக்கும், குட்டு உடைந்திருக்கும். நான் ஒரு நாள் கேட்டேனே, “மாத்தி வச்சுப் பாக்கலாமா” என்று. “வேணாம்டா, ரேகை பாழாப் போயிடும்” என்றாய். மரத்துக்காகச் சொன்னாயா, காதுக்காகச் சொன்னாயா?

வெள்ளிக்கிழமை நானே மாற்றி வைத்தேன். பக்கத்து லேத் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு உன் நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, “ரெண்டும் ஒண்ணாதான் பாய் இருக்கு. இதுல இன்னா கோளாறு?” என்றார். அந்த ஆள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

இப்போது என் பங்குக்கு வருகிறேன். கடைசியாகப் பட்டறைக்கு வந்தபோது ஐந்தாவது தடவையும் நீ நோன் என்றாய். எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. “எங்கையில ஒண்ணும் கோளாறு இல்லடா. உன் காதுலதான் கோளாறு. போய்க் காட்டு மொதல்ல” என்று கத்தினேன். தெரிந்து சொல்லவில்லை, கோபத்தில் வாயில் வந்தது. நீ ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாய். “சரிடா” என்றாய். வழக்கமாக மூன்று தடவை “போயிட்டு வரேன்” என்று சொல்கிறவன் ஒரு தடவைகூடச் சொல்லாமல் போனாய். எட்டாம் நாள் நெஞ்சுவலி.

நேற்று கிளாரா போன் செய்தாள். “ஒண்ணு சொல்லாம விட்டுட்டேண்ணே. உங்ககூட சண்டை போட்டுட்டு வந்தாரில்ல, மறுநாள்லேர்ந்து அந்த மெஷினை எடுத்து மாட்டிக்கினாரு. இரைச்சலா இருக்குன்னு திட்டிக்கினேதான் மாட்டுனாரு. கொஞ்சம் பழகட்டும், ஞாயித்துக்கிழமை ஜபார்கிட்ட போயி இன்னொரு தடவ கேட்டுட்டு வரேன்னாரு.”

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்ததே, மடையா. மெஷின் பழகாவிட்டால் என்ன, வெறும் காதோடு வந்து நின்றிருந்தால் போதாதா? நான் என்ன உன்னைத் தின்றுவிடுவேனா? திட்டியிருப்பேன், அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்திருப்போம்.

பிளந்த முன்பலகையை நான் எறியவில்லை. பசை போட்டுச் சேர்த்து அதையே திரும்ப இடது பெட்டியில் மாட்டப்போகிறேன். பிளவு தெரியும், தெரியட்டும். உன் முப்பதாம் நாள் பூசைக்குள் இரண்டையும் உன் ஹாலில் வைத்துவிடுவேன். அன்று பூசை முடிந்து கல்லறைக்கு வருவேன். இந்தத் தடவை சரியான பக்கம் பார்த்து, உன் வலது காதோரம் உட்கார்ந்து சொல்வேன்: “பெட்டி நல்லாத்தான்டா இருந்துச்சு. நீயும் நல்லாத்தான் இருந்தே.” அதற்கு மட்டும் நோன் சொல்லாதே.

கோபம் தீராத உன் மச்சான்,
ஜபார்